சிறகில்லாத காய்

செப்டம்பர் 9

அதில்லடி சிட்டு, நான் சொல்ல வந்தது வேற, உன் காதுல விழுந்தது வேற. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்காக நான் உன்னைக் காட்டுக்குப் போகாதேன்னு சொல்லலை. அவங்க போன வாரமே வேற எடம் பாத்துக்கிட்டாங்க. "போகட்டும் அண்ணி, அந்தப் பையன் சிரிச்சா பல்லை விட ஈறுதான் ஜாஸ்தி தெரியுது"ங்கறா உங்கம்மா. அவங்க நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போன அன்னிக்கு மட்டும் அவளுக்கு ஈறு தெரியலையாம், பாரு.

கேட்டை அப்படி அறைஞ்சு சாத்திட்டுப் போனியே, கொக்கி கழண்டு இன்னும் தொங்குது. காத்தடிச்சா டக்கு டக்குங்குது. ஒவ்வொரு தடவையும் நீதான் திரும்பிட்டியோன்னு எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன், அசடு மாதிரி.

ஆபீசுல எல்லாருக்கும் உன்னைப் பத்திதான் பேச்சு. காய்ஞ்ச செடிங்களுக்கு நடுவுல இத்தனை வருஷம் தூங்கிக்கிட்டிருந்த எடத்துல இப்ப ஒரே பரபரப்பு. "உங்க தம்பி கொண்டாந்த செடியாமே, வேற யாருகிட்டயும் இல்லாததாமே, அவரு பேரையே வைக்கப்போறாங்களாமே"ன்னு ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க. நான் ஆமாம் ஆமாம்னு தலையாட்டிட்டு பசைக் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நேத்து ஒரு புல்லைத் தலைகீழா ஒட்டிட்டேன்டி. வேரு மேல, கதிரு கீழ. இருபத்தொம்பது வருஷத்துல முதல் தடவை.

என் வேலை என்னன்னு உனக்குத் தெரியும். காட்டுலேர்ந்து செடி பேப்பருக்கு நடுவுல தட்டையாகிக் காய்ஞ்சு வரும். அதை எடுத்துத் தடிச்ச வெள்ளைத்தாள்ல ஒட்டி, தண்டு மொத்தமா இருந்தா நூலால ரெண்டு தையல் போட்டு, கீழே யாரு எங்க எப்பப் பறிச்சதுன்னு சீட்டு ஒட்டறது. அவ்வளவுதான். படிச்சவங்க பேரு வைப்பாங்க, நான் ஒட்டுவேன். அதனாலதான் சொல்றேன், தாள்ல ஒட்டினதை அப்படியே தெய்வவாக்கா எடுத்துக்காதே. அது உங்கப்பன் பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால பறிச்சது. காடு அப்படியேவா இருக்கும்?

சாக்ஸ் ரெண்டு ஜோடி ஒண்ணுமேல ஒண்ணு போட்டுக்கோ. அட்டைக்கடிக்கு உப்புத்துணி வெச்சிருக்கேன் பைக்குள்ள, பாத்தியா? தினமும் விளக்கேத்தும்போது உன் பேரைச் சொல்லித்தான் ஏத்தறேன். சாமிகிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன். என்னன்னு கேக்காதே.

அத்தை

அந்தத் தாளை இங்க யாராவது இன்னொரு தடவை நல்லா சோதிச்சுப் பாத்த பிறகு நீ தேடினா ஆகாதா? சும்மா கேட்டேன்.


செப்டம்பர் 17

அத்தைக்கு,

கொக்கிக்கு மன்னிப்பு. வந்ததும் நானே மாட்டித் தருகிறேன்.

காவலர் குடிலில் எனக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, கூரையில் மூன்று ஓட்டைகள். ஓட்டைகளுக்கு ஏற்ப மேசையை நகர்த்திக்கொண்டே எழுதுகிறேன். திங்கட்கிழமைதோறும் ஜீப் வரும். அதில்தான் அரிசியும் உங்கள் கடிதமும். வழிகாட்டியாக ஒரு அம்மாள் கிடைத்திருக்கிறார். அவருக்கு இங்கே 'அவசரம்' என்று பெயர், ஏனென்றால் அவர் எதற்கும் அவசரப்பட்டதே இல்லை.

நான் எதைத் தேடுகிறேன் என்று நீங்கள் யாரிடமும் சரியாகச் சொல்வதில்லை என்று அம்மா எழுதியிருக்கிறார். எழுதிவிடுகிறேன், நாலு பேருக்குச் சொல்லுங்கள். காட்டுப் பிகோனியா. எல்லாப் பிகோனியாவுக்கும் இலை ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்திருக்கும். நீங்கள் 'கோண இலை' என்பீர்களே, அதுதான். காயில் பெரும்பாலும் மூன்று சிறகுகள் இருக்கும். அப்பாவின் தாளில் இருக்கும் செடிக்கு இலை முழுக்க மாவு தெறித்தாற்போல் வெள்ளைப் புள்ளி, அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. காயோ மிளகு போல உருண்டை, சிறகே இல்லை. சிறகில்லாத காய் வேறு மலைகளில் வேறு இலைகளோடு உண்டு. இந்தப் புள்ளி இலையோடு எங்கும் இல்லை, அப்பாவின் அந்த ஒரு தாளைத் தவிர.

ஒரே ஒரு தாளை நம்பிப் பெயர் வைக்க என் ஆராய்ச்சிப் பேராசிரியர் ஒப்பவில்லை. உயிரோடு இன்னொரு செடி, காயோடு வேண்டும் என்கிறார். அக்டோபர் முடியும்வரை அனுமதி. கிடைத்தால் அப்பாவின் பெயர் அந்தச் செடிக்கு. கிடைக்காவிட்டால் தாள் பழையபடி 'பெயரற்றவை' அலமாரிக்குள். அப்பா இரண்டாம் முறை இந்தக் காட்டுக்கு வந்து காய்ச்சலோடு திரும்பியது இதற்காகத்தானே? அவர் முடிக்காததை முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

முதல் வாரமே ஓர் அருவிப் பாறையில் புள்ளி இலைக் கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். பாறையடிக்கு ஓடினேன். ஆனால் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கிய காய்களைத் தொலைநோக்கியில் பார்த்தால், சிறகு. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு நடந்தேன்.

"எலை அதேதானே, பாப்பா?" என்றார் அவசரம்.

"காய் வேறம்மா."

"காய்க்கென்ன, பொறக்கற புள்ளைங்க எல்லாம் அப்பன் ஜாடையிலயா பொறக்குது?"

நேற்று ஓடைக்கல்லில் சறுக்கிக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் புரியவில்லை. சும்மா கேட்கிற ஆளா நீங்கள்?

சிட்டு


செப்டம்பர் 24

கணுக்கால் வீங்கியிருக்கு, பெரிசா ஒண்ணுமில்லை, அம்மாகிட்டச் சொல்லாதே. இதே மூணு வரியைத்தான்டி உங்கப்பனும் எழுதுவான். எழுத்து மட்டும் உன்னுது அழகா இருக்கு.

நான் உங்கம்மாகிட்டச் சொல்லலை. ஆனா அவ என் மூஞ்சியைப் பாத்தே "என்ன அண்ணி, பொண்ணு எங்கயாவது விழுந்துட்டாளா"ன்னு கேட்டுட்டா. இல்லைன்னு சாமி படத்தைப் பாத்துக்கிட்டே பொய் சொன்னேன். அந்தக் கணக்கும் என் தலைமேலதான்.

அவன் ரெண்டாம் தடவை போயிட்டுத் திரும்பினது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, உனக்கு அப்ப எட்டு வயசு. ஆபீஸ் வாசல்ல பையை இறக்கி வெச்சிட்டு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கையைத் தொட்டா அடுப்புல வெச்ச தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. முப்பத்தி நாலு வயசு. நீ இப்ப அதே காட்டுல, அதே செடியைத் தேடிக்கிட்டு, அவன் நடந்த எடத்துலயே நடக்கற. எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியலைடி. உக்காந்தா எந்திரிக்கறேன், எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சேன்னு தெரியலை. போன ஞாயித்துக்கிழமை அரிசியை மூணு தடவை கழுவியிருக்கேன்.

அந்தப் பாறையில பாத்தியே, புள்ளி எலை, அதையே பறிச்சுக்கிட்டு வந்துடேன். காயை விடு. காய் அந்தத் தாள்ல எப்படி இருக்குன்னா

இரு, எங்க அதிகாரி மேடம் கூப்பிடறாங்க.

வந்துட்டேன். என்ன சொல்ல வந்தேன்னு மறந்துட்டேன்.

மறக்கலை. ஆனா ஜீப்புக்குக் கொண்டுபோற தபால் கட்டு இப்பக் கெளம்புது. அடுத்த கடுதாசில எழுதறேன். அதுவரைக்கும் மேல எங்கயும் ஏறாதே. என் மேல ஆணையா ஏறாதே.

அத்தை


அக்டோபர் 1

அத்தை,

ஆணையெல்லாம் வேண்டாம். நான் எட்டு வயதுக் குழந்தை இல்லை.

அந்தப் பாறைச் செடியைப் பறித்து வா என்கிறீர்கள். வேறு செடியைக் கொண்டுபோய் அப்பாவின் செடி என்று சொல்லச் சொல்கிறீர்களா? தாவரக் காப்பகத்தில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர் பேசுகிற பேச்சா இது? உங்களுக்கு நான் வீட்டுக்கு வந்தால் போதும். அப்பாவின் பெயர் எக்கேடு கெட்டாலும் சரி.

கீழ்க்காடு முழுக்கப் பார்த்தாகிவிட்டது. மூன்றாம் ஓடைக்கு மேலே அப்பா கூடாரம் போட்ட இடம் இருக்கிறதாம். நாலு நாள் ஏற்றம். மழை பிடித்துவிட்டதால் அவசரம் வர மறுக்கிறார். "மழைக்காலத்துல அந்தச் சரிவுல ஆடுகூட ஏறாது பாப்பா. ஆட்டுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு" என்றார். கயிறு வாங்கியிருக்கிறேன். அடுத்த புதன்கிழமை, எட்டாம் தேதி, தனியாகக் கிளம்புகிறேன். காவலர் ஒருவர் இன்று ஊருக்கு இறங்குகிறார், ஜீப்புக்குக் காத்திராமல் இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சிறகில்லாத ஒரு காய், அத்தை. ஒன்றே ஒன்று. கிடைக்காமல் இறங்க மாட்டேன்.

சிட்டு


அக்டோபர் 4

சிட்டு, இதைப் படிச்சு முடிக்கறதுக்கு முன்னால கயித்தைத் தொடாதே. தபால் கட்டுக்குக் காத்திருக்காம, நானே பஸ் பிடிச்சு அடிவாரம் வரைக்கும் வந்து ஜீப்காரர் கையில குடுக்கறேன். திங்கக்கிழமை உன் கையில இருக்கணும்னு அவருகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கேன்.

அந்தக் காயை ஒட்டினது நான்.

எலை உங்கப்பன் பறிச்சது. காய் அந்தச் செடியோடது இல்லை. நீ தேடற செடி எந்தக் காட்டுலயும் இல்லைடி. அதை நான் பண்ணினேன், என் மேசையில, ஊசியும் நூலும் பசையும் வெச்சு.

எழுதிட்டேன். எழுத்து கோணியிருந்தா பொறுத்துக்கோ.

அப்ப இருந்த பெரிய அதிகாரியை நாங்க பூதக்கண்ணாடின்னுதான் சொல்லுவோம், எப்பப் பாத்தாலும் அது கையில இருக்கும். சாப்பாட்டைக்கூட அதை வெச்சுப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவாருன்னு பேசிக்குவோம். உங்கப்பன் அந்த வருஷம் கொண்டாந்த கட்டுல பாதிச் செடிக்குப் பூ இல்லை, காய் இல்லை. அவன் என்ன பண்ணுவான்? கோண எலைச் செடி ஒரே தண்ணி. அழுத்துப் பலகைக்குள்ள வெச்சா லேசுல சாகாது, காயாது, மூட்டு மூட்டா உதிர்ந்துபோகும். அந்தாளு எல்லாரு முன்னாலயும் கத்தறான். "எலையை மட்டும் கொண்டுவர்றதுக்கு நீ என்ன மாட்டுக்குத் தழை பறிக்கிறவனா? இந்தக் கட்டுலயும் உருப்படியா ஒண்ணு இல்லைன்னா வேற வேலை பாத்துக்கோ."

உங்கப்பன் என் மேசைக்கு வந்து சிரிச்சான். "அக்கா, எனக்குத் தழைக்காரன்னு பட்டம் குடுத்திருக்காங்க"ன்னான். சிரிச்சிட்டு, ஊத்தி வெச்ச டீயைக் குடிக்காம போயிட்டான். அவன் டீயை விட்டுட்டுப் போற ஆளே இல்லை.

மறுநாள் அந்தப் புள்ளி எலை என் மேசைக்கு வந்துச்சு. வெறும் எலை, ஒரு மொட்டைக் காம்பு. எந்தத் தாள்லேர்ந்து உதிர்ந்ததுன்னு தெரியாத துண்டு துணுக்கை எல்லாம் போட்டு வைக்கற டப்பா ஒண்ணு எங்ககிட்ட உண்டு. அதுல கோண எலைச் செடியோட காய் ஒண்ணு கெடந்துச்சு, உருண்டையா, பாசிமணி கணக்கா. எப்படியும் இவன் செடியிலயும் ஒரு காய் இருந்து உதிர்ந்துதானே போயிருக்கும், அதைத் திருப்பி வைக்கறோம், அவ்வளவுதானேன்னு நெனச்சேன். காய் காய்தானேடி? காயை வெச்சுத்தான் நீங்க எல்லாம் இனமே பிரிப்பீங்கன்னு அஞ்சாங்கிளாஸ் படிச்ச எனக்கு யாரு சொன்னா? காம்போட காம்பைச் சேர்த்து, சேர்ந்த எடம் தெரியாம மேல ஒரு தையல், அதுமேல ஒரு பட்டைத்தாள். பூதக்கண்ணாடியாலயே கண்டுபிடிக்க முடியலை. என் கை வேலை அப்படி. அன்னிக்கு அதுல எனக்குப் பெருமை வேற.

அந்தாளு துள்ளிக் குதிச்சாரு. தாளைத் தன் ரூம்லயே மாட்டிக்கிட்டாரு. உங்கப்பன் முதுகுல தட்டினாரு. ஒரு மாசத்துல "இதே மாதிரி இன்னும் நாலு காய் கொண்டா"ன்னு அவனைத் திருப்பி அனுப்பினாரு. நான் வாயைத் தொறக்கலை. தொறந்தா அவன் வேலையும் போகும், என் வேலையும் போகும். தேடிட்டுக் கெடைக்கலைன்னு வந்துடுவான்னு நெனச்சேன்.

காய்ச்சல்ல செத்தான்னு டாக்டர் எழுதினாரு. நான் எனக்குள்ள வேற எழுதி வெச்சிருக்கேன்.

இல்லாத ஒண்ணைத் தேடி ஒருத்தன் போனது போதும். என்னைத் திட்டு, மூஞ்சியில முழிக்காதே, என்ன வேணா பண்ணு. ஏறாதே.

அத்தை


அக்டோபர் 13

அத்தை,

கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. புதன்கிழமை நான் ஏறவில்லை.

என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் ஆகிவிட்டது. இரண்டு விஷயம் மட்டும்.

காப்பகத்தின் வழக்கம் எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். தாளில் ஒருமுறை ஒட்டியதை யாரும் பிய்ப்பதில்லை. தவறு என்று தெரிந்தால் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுவார்கள். பழையதும் இருக்கும், திருத்தமும் இருக்கும். அந்தக் காயைப் பிய்க்காதீர்கள். சீட்டை நீங்களே எழுதி ஒட்டுங்கள், உங்கள் கையெழுத்தில்.

அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

பதில் வேண்டாம்.

சிட்டு


அக்டோபர் 21

பதில் வேண்டாம்னு சொல்றதுக்கு நீ யாருடி? ரெண்டு வேலை சொன்னே, ரெண்டையும் செஞ்சேனா இல்லையான்னு உனக்குத் தெரிய வேண்டாமா?

முதல்ல உங்கம்மா. பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருந்தா. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். உக்காந்தா சொல்லாம எந்திரிச்சிடுவேன்னு பயம். அவ கத்தியை நிறுத்தலை. கடைசி வரைக்கும் நறுக்கி முடிச்சிட்டுக் கேட்டா, "அவருக்குத் தெரியுமா அண்ணி?" தெரியாதுன்னுதான் நெனைக்கறேன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் மூணு நாள் பேச்சில்லை. ஒரே சமையக்கட்டுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சுத்திச் சுத்திப் போறோம், பாத்திரம்தான் பேசிக்குது. நாலாம் நாள் என் முன்னால ஒரு டம்ளர் டீயை வெச்சா. சர்க்கரை போடலை. போடலைன்னு நான் சொல்வேனா? குடிச்சேன். இன்னிக்குக் காலையில சர்க்கரை இருந்துச்சு. பேச்சு இன்னும் இல்லை.

அப்புறம் மேடம். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துக்கிட்டிருந்தாங்க. "இதே மாதிரி எத்தனை தாள்ல பண்ணியிருக்கீங்க?"

"ஒண்ணுதான் மேடம்."

"அதை நான் எப்படிம்மா நம்பறது?"

இருபத்தொம்பது வருஷமா நான் ஒட்டின ஒவ்வொரு தாளையும் இப்ப ரெண்டு பொண்ணுங்க லென்சு வெச்சுப் பாத்துக்கிட்டிருக்காங்க. முடியற வரைக்கும் எனக்குப் பசையும் கிடையாது, ஊசியும் கிடையாது. ஜன்னல் பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்க. கை சும்மா இருந்தா எனக்கு மனசு எங்கெங்கயோ ஓடுது. முந்தானையை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டிருக்கேன். ரிட்டயராக ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள முடிப்பாங்களான்னு தெரியலை.

சீட்டை முதல்ல ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். மேடம் படிச்சிட்டு, "அம்மா, சீட்டு தீப்பெட்டி அளவுதான் இருக்கணும். இதுல உங்க தம்பி டீ குடிக்காத கதை எல்லாம் வருது"ன்னாங்க. அப்புறம் சுருக்கினேன். இதுதான் ஒட்டினது:

"இந்தத் தாளில் உள்ள காய் இந்தச் செடியினுடையது அல்ல. இலை மட்டுமே பறித்தவருடையது. காயைச் சேர்த்தவள் நான். பறித்தவருக்கு இதில் பங்கில்லை."

கடைசி வரி வேண்டாம்னாங்க மேடம். வேணும்னேன். பேரும் தேதியும் போட்டேன். பசை தடவற அந்த ஒரு வேலைக்கு மட்டும் பிரஷ்ஷைக் குடுத்தாங்க.

சாப்பிடறியா?

அத்தை


அக்டோபர் 28

அத்தைக்கு,

சாப்பிடுகிறேன்.

'காய் வேறு' என்று நான் ஒதுக்கிவிட்டு வந்த அருவிப் பாறைக்குத்தான் கடந்த வாரம் மறுபடி போனோம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் கோபத்தில் படுத்திருந்தேன். அப்பாவின் செடி அதுதான். இலையைத் தாளின் படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டேன். புள்ளி, ரோமம், நரம்பு, எல்லாம் ஒன்று. முதல் வாரமே என் தலைக்கு மேலே தொங்கியது, நான் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு 'நம்முடையது அல்ல' என்று எழுதிவிட்டு நடந்தேன்.

இப்போது கயிறு போட்டு ஏறினால் இலை இருக்கிறது, காய் இல்லை. மூன்று வார மழையில் ஒன்று பாக்கியில்லாமல் உதிர்ந்து அருவியோடு போய்விட்டது. மொட்டைக் காம்பு மட்டும். மண்டியிட்டுப் பாறை இடுக்கெல்லாம் துழாவினேன். அவசரம் கீழேயிருந்து, "போன வண்டிக்குக் கையைக் காட்டி என்ன பாப்பா ஆகப்போகுது?" என்றார்.

சிறகோடு பார்த்தேன் என்று நான் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். தாளில் ஒட்ட ஒரு காய் வேண்டும். இது ஏற்கெனவே பெயர் உள்ள செடியா, அப்பா மட்டுமே கண்ட செடியா என்பதை அந்தக் காய்தான் சொல்லும். வெள்ளிக்கிழமையோடு அனுமதி முடிகிறது. வெறும் இலையோடு இறங்குகிறேன், தழைக்காரர் மகள் தழைக்காரி. நவம்பர் எட்டாம் தேதிவரை அடிவார அலுவலகத்தில் இலைகளை உலர்த்திக்கொண்டிருப்பேன். பிறகு பேராசிரியரிடம் போய்க் கையை விரிக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. அவருடைய சொந்தக் கணக்கில் அந்தச் செடிக்கு எண் 212. அந்த எண் தாளில் ஏறவில்லை. அலுவலக எண்தான் ஏறியது. 212க்கு நேரே எழுதியிருக்கிறார்: 'இலை மட்டும். பூ, காய் இல்லை.' நூறு முறை படித்த வரி. மறுநாள் போய்க் காயைப் பறித்திருப்பார், எழுத மறந்திருப்பார் என்று நானே அவருக்காகக் கதை கட்டிக்கொண்டேன்.

ஆகவே அம்மா கேட்டதற்குப் பதில்: அவருக்குத் தெரியும். தாள் அதிகாரியின் அறையில் மாட்டியிருந்தபோது பார்த்திருப்பார். தன் செடியில் தான் பறிக்காத காய். ஒட்டியது எந்தக் கை என்று அவருக்குத் தெரியாதா? அவரைக் காப்பாற்ற நீங்கள் வாயை மூடினீர்கள், உங்களைக் காப்பாற்ற அவர் மூடினார். மலை ஏறியது நான்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இல்லாத காய் என்று தெரிந்தும் அவர் ஏன் போனார்? அதிகாரி அனுப்பினார் என்பீர்கள். போன வேகத்திலேயே கிடைக்கவில்லை என்று திரும்பியிருக்கலாமே. பதினெட்டு நாள் இருந்திருக்கிறார், இதே மழையில்.

அவசரம் இந்தக் கடிதத்தைப் பார்த்து, "யாருக்கு பாப்பா?" என்றார். எங்கள் அத்தைக்கு என்றேன். "திட்டறாங்களா?" இல்லை, நான்தான் திட்டுகிறேன் என்றேன். "அப்பச் சரி" என்றார், "அத்து விட்டவங்களை யாரு உக்காந்து திட்டுவா?"

சிட்டு


நவம்பர் 3

திட்டுடி, நல்லாத் திட்டு. அந்த அவசரத்தம்மாவை ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வா, அவங்க பேசறதை நான் பக்கத்துல உக்காந்து கேக்கணும்.

உன் கடுதாசியை உங்கம்மாகிட்டக் குடுத்தேன். படிச்சிட்டு ரெண்டாவது தடவை படிச்சா. "தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்டக்கூடச் சொல்லலை பாரு அண்ணி, கல்லுளிமங்கன்"னா. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் எங்கிட்டப் பேசின முதல் பேச்சு. ரெண்டு பேரும் அழுதோம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிடுச்சு.

அவனுக்குத் தெரியும்ங்கறதை எங்க வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியலைடி. ரயில்ல ஏத்திவிடப் போனேனே, அப்பக்கூடப் படிக்கட்டுல நின்னுக்கிட்டு, "அக்கா, உன் தையல் இருக்கே, கண்ணுல ஒத்திக்கலாம்"னான். நான் சட்டைப் பொத்தானைச் சொல்றான்னு நெனச்சேன்.

இங்க ரெண்டாயிரம் தாள் பாத்திருக்காங்களாம் அந்தப் பொண்ணுங்க. தப்பு ஒண்ணும் இல்லை, அந்தத் தலைகீழ்ப் புல்லைத் தவிர. மேடம் இன்னிக்கு என் பக்கமா வந்து, ஜன்னல் வெயில் உறைக்குதான்னு கேட்டுட்டுப் போனாங்க. நான் உக்காந்தபடியே நீ கேட்டதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். பதினெட்டு நாள் அவன் எதுக்கு இருந்தான்? ஆஸ்பத்திரியில அவன் ஒண்ணும் தெளிவாப் பேசலை. காய்ச்சல்ல எலைங்கறான், தண்ணிங்கறான், உன் பேரைச் சொல்றான். அவன் சட்டையைத் துவைக்கறதுக்கு எங்கிட்டக் குடுத்தாங்க. "அக்கா, பை, பை"ன்னான். கெடக்கட்டும்டா, பையெல்லாம் பத்திரமா இருக்குன்னேன், தோள்பையைச் சொல்றான்னு.

இரு.

சட்டைப் பையில ஒரு பொட்டலம் இருந்துச்சு சிட்டு. நகத்து அளவு, உதிர்ந்த காய், விதைக்கு நம்ம ஆபீசுல மடிக்கற மாதிரி பேப்பர்ல மடிச்சது. ஆட்டினா உள்ள லேசா சலசலன்னுச்சு. மலைமேல ஏதோ கோயில்ல குடுத்த மண்ணோ சாம்பலோ, பழக்கதோஷத்துல இப்படி மடிச்சு வெச்சிருக்கான்னு நான் பிரிக்கவே இல்லை. பிரிச்சாப் பாவம்னு சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்சேன். பத்தொம்பது வருஷமா அதுக்கும் சேர்த்துத்தான் விளக்கேத்தறேன். அது இப்பவும் அங்கதான் இருக்கு. அதோட மடிப்பு மேல பென்சில்ல ஏதோ எண் எழுதியிருந்துச்சு, ஆஸ்பத்திரியில போட்ட கட்டில் நம்பர்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டு, ஒண்ணு, ரெண்டு.